மூன்று கண்

நியூலின் மீன்சந்தைக்கு மேலே, மாடிக்கூடத்தில்,
வீடு கட்டி விற்கிறவன் வண்ணத்தாளை விரித்தான்:
பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொன்றிலிருந்தும்
'அன்டிராமல்ட்' கடல்காட்சி.
தடையற்ற, தளையற்ற,
எவனும் குறுக்கே வராத கடல்.

கடைசி வரிசையில் லவ்டே நான்கேரோ
சிரித்துவிட்டாள்.
அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் வந்த சிரிப்பு.

'டிராமலா? அது என் படகில்
ஈரமாகக் கிடக்கிறது, ஐயா.
எழுநூறு கஜம்.
நீங்கள் விற்கிற காட்சியின் நடுவில்தான்
சாயங்காலம் அதை இறக்கப்போகிறேன்.'

டிராமல் என்பது மூன்று சுவர் வலை.
வெளிச்சுவர் இரண்டும் பெரிய கண்; பூனை நுழைந்து போகலாம்.
நடுவில் சின்னக் கண்,
தொளதொளவென்று,
அளவெடுக்காமல் தைத்த பாவாடை மாதிரி.
நவரை மீன் முதல் சுவரைப் பார்ப்பதே இல்லை.
இரண்டாவதை முட்டும், தள்ளும்,
தள்ளிக்கொண்டே மூன்றாவதின் கண்வழியே வெளியேறும்.
வெளியேறிய அந்த இடம்தான் பை.
பிடிப்பது வலை அல்ல என்பாள் லவ்டே.
விடாமல் முன்னே போகிற மீன்
தானே தனக்குப் பை தைத்துக்கொள்கிறது.

சொல்லும் அப்படித்தான் வந்து மாட்டியது.
லத்தீனில் மூன்று, அதோடு மாக்குலா:
மாக்குலா என்றால் வலையின் கண்.
துணியில் பட்ட கறைக்கும் அதே பெயர்.
சலவைக்காரிக்கும் செம்படவனுக்கும்
அங்கே ஒரு சொல் போதுமாயிருந்தது.
பிரெஞ்சுக்காரன் வாயில் தேய்ந்து
கடலைக் கடந்து வந்த பிறகு
குதிரையின் காலில் கட்டினார்கள்.
அடுப்புக்கு மேல் கொக்கியாக்கிக்
கஞ்சிச் சட்டியைத் தொங்கவிட்டார்கள்.
தச்சன் நீள்வட்டம் வரைந்தான்.
அப்புறம் வக்கீல்கள் எடுத்துக்கொண்டார்கள்,
அதோடு ஈரம் காய்ந்தது.
கடைசியில் சொல்லுக்கு முன்னால்
ஓர் 'இல்லை' வந்து ஒட்டிக்கொண்டது.
இன்று கூட்டங்களில் டிராமல் என்று யாரும் சொல்வதில்லை,
டிராமல் இல்லை என்று மட்டும் சொல்கிறார்கள்.
வலை மறந்துபோய்
சிக்கவில்லை என்கிற பெருமை மட்டும் மிச்சம்.

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள்.
புயல் நாட்களில் படகு போகாது.
நூலகத்தில் ஹீட்டர் உண்டு.

நவம்பரில் ட்ரூரோ ஆஸ்பத்திரி.
டாக்டர் இஃபியோமா ஓர் அட்டையை நீட்டினாள்.
வெள்ளையில் கறுப்புக் கட்டங்கள், நடுவே ஒரு புள்ளி.
இடக்கண்ணை மூடுங்கள். புள்ளியைப் பாருங்கள்.
என்ன தெரிகிறது?

'வலை' என்றாள் லவ்டே.
'நீரோட்டத்தில் வளைந்து நிற்கிற வலை.
நடுவில் நாலைந்து கண் அறுந்திருக்கிறது,
சீல் கடித்த மாதிரி.'

அட்டையில் எதுவும் அறுந்திருக்கவில்லை.

டாக்டர் விழித்திரையின் படத்தைத் திருப்பி
பேனாவால் தொட்டுக் காட்டினாள்: இந்த இடம்.
இதற்குப் பெயர் மாக்குலா.

லவ்டே பதில் சொல்லவில்லை.
ரொம்ப நாள் பழகிய ஒருவர்
போலீஸ் உடுப்பில் வாசலில் வந்து நின்றது போலிருந்தது.

கார் ஓட்டக் கூடாது. இருட்டில் படகு கூடாது.
மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்.
எல்லாம் ஒரு தாளில் அச்சாகி வந்தது.
'கட்டுப்பாடுகள்' என்று தலைப்பு,
அவளுக்காகவே பெரிதாக்கிய எழுத்து.

திரும்புகிற பேருந்தில்
வலக்கண்ணால் மட்டும் கடலைப் பார்த்தாள்.
எங்கே பார்த்தாலும் பார்த்த இடத்தில் ஓட்டை.
படகைப் பார்த்தால் படகு இல்லை.
சற்று விலகிப் பார்த்தால்
ஓரமாக வந்து நிற்கிறது படகு,
பெயர்ப்பலகை முதற்கொண்டு.
மறுபடி நேரே பார்த்தாள். போய்விட்டது.
மறுபடி விலகினாள். வந்தது.

'முட்டாதே' என்றாள்.
தனக்கா, மீனுக்கா, தெரியவில்லை.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நியூலின் நிறுத்தத்தில்
படியைப் பார்க்காமல்
பக்கத்துக் கம்பியைப் பார்த்தபடி
சரியாகக் கால் வைத்து இறங்கினாள்.
மணி மூன்றரை. இருட்ட இன்னும் நேரமிருந்தது.